எடை குறைந்தால் சிபாப் அழுத்தத்தையும் குறைக்கலாமா?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு இரவில் மாட்டிக்கொள்ளத் தரும் மெஷின் சிபாப். அதை எழுதிக் கொடுக்கும்போதே ‘எடையையும் குறைங்க’ என்று டாக்டர் சொல்லியிருப்பார். சிலர் உண்மையிலேயே குறைத்துவிடுகிறார்கள். நடந்து, சோற்றைக் குறைத்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போது வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு. குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. “பத்து கிலோ இறங்கிடுச்சு, மெஷினைப் பரண்ல ஏத்திட்டேன்” என்பார் ஒருவர். “என்னோடது ஆட்டோ, பிரஷரை அதுவே பாத்துக்கும்” என்பார் இன்னொருவர். “தினமும் ஏஎச்ஐ 2-க்குள்ளதான் வருது, எனக்குச் சரியாயிடுச்சு” என்பார் மூன்றாமவர்.

இதில் மூன்றாவதுதான் மோசம். அதில் ஓர் எண் இருக்கிறது; ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று மெஷின் காட்டும் எண்தான் ஏஎச்ஐ. எண்ணைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் போர்டைப் படித்துவிட்டு, ‘பார்வை சரியாகிவிட்டது’ என்று கண்ணாடியைத் தூக்கிப் போடுவோமா? மெஷின் காட்டும் 2, மெஷினை மாட்டியிருக்கும்போது வரும் 2. கழற்றினால் எவ்வளவு வரும் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

இளநீரும் நனைந்த ஸ்ட்ராவும்

தமிழ்நாட்டில் 2019-ல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை வந்த பிறகு இளநீர்க் கடைகளில் காகித ஸ்ட்ரா வந்தது. பாதி குடிப்பதற்குள் அது நைந்துவிடும். மெதுவாக உறிஞ்சினால் தண்ணீர் வரும். பலமாக இழுத்தால் ஸ்ட்ராவின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். இன்னும் இழுத்தால் இன்னும் இறுகும்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து குரல்வளை வரை உள்ள தொண்டைப் பகுதி இந்த நைந்த ஸ்ட்ரா மாதிரிதான். மூச்சுக்குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. தொண்டையில் அப்படி எதுவும் இல்லை, தசைகள்தான் அதைத் திறந்து பிடித்திருக்கின்றன. விழித்திருக்கும்வரை அவை விறைப்பாக வேலை செய்யும். தூங்கியதும் தளரும். வழி ஏற்கெனவே குறுகலாக இருந்தால், மூச்சை இழுக்கும் விசையிலேயே பக்கச் சுவர்களும் நாக்கின் அடிப்பகுதியும் ஒட்டிக்கொள்ளும். அரைகுறையாக ஒட்டி அதிர்ந்தால் குறட்டை. முழுதாக ஒட்டினால் மூச்சு நிற்கும்.

இங்கே மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். 10 விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அது ‘ஆப்னியா’. முழுதும் நிற்காமல், காற்று குறைந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அது ‘ஹைபாப்னியா’. இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்பதுதான் ‘ஏஎச்ஐ’. சிகிச்சை இல்லாத நிலையில் அது 5-க்குக் கீழ் இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமையானது.

அழுத்தம் என்றால் எதை அளக்கிறோம்?

பொருட்காட்சியில் குழந்தைகள் குதிக்கும் காற்று மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒரு புளோயர் ஓடிக்கொண்டே இருக்கும். தையல் இடுக்குகளில் காற்று கசிந்தபடி இருந்தாலும் மாளிகை நிற்கும். கரண்ட் போனால் சரிந்துவிடும். சிபாப் செய்வதும் இதுவே. அறைக் காற்றை எடுத்து, குழாய் வழியாக, மாஸ்க்குக்குள் விடாமல் ஊதிக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்று தொண்டைக்குள் முட்டுக் கொடுத்து நிற்கிறது. மெஷின் உங்களுக்காக மூச்சு விடுவதில்லை, ஆக்ஸிஜன் கொடுப்பதும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ‘ஆக்ஸிஜன் மெஷினா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பதே சரியான பதில்.

அழுத்தத்தின் அலகு ‘சென்டிமீட்டர் நீர்’. பேச்சில் ‘பிரஷர் 10’ என்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழம் இறக்கி ஊதுங்கள். நுனியில் முதல் குமிழி வரத் தேவைப்படும் அழுத்தம் சரியாக 10. நம்மைச் சுற்றியுள்ள காற்று மண்டல அழுத்தத்தில் இது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பெரும்பாலான சிபாப் மெஷின்கள் 4 முதல் 20 வரை தரும். 1980-ல் சிட்னியில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிய காலின் சல்லிவன் மறுவருடம் வெளியிட்ட கட்டுரையில் இருந்த 5 நோயாளிகளுக்கு 4.5 முதல் 10 வரையே போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு தொண்டைக்கும் ‘இதற்குக் கீழே போனால் மூடிக்கொள்ளும்’ என்று ஓர் எல்லை உண்டு. அதை மூடும் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். மெஷினில் வைக்கும் எண் அந்த எல்லையைத் தாண்ட வேண்டும், அநாவசியமாக வெகுதூரம் தாண்டக் கூடாது. இந்த எண் நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் அல்ல. ஏஎச்ஐ 60 உள்ளவருக்கு 8 போதுமாக இருக்கலாம், 20 உள்ளவருக்கு 12 தேவைப்படலாம். ‘உங்களுக்கு எவ்வளவு வெச்சிருக்காங்க?’ என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

இதுவரை பார்த்தது: தொண்டை ஒரு தளர்ந்த குழாய், காற்று அதற்கு முட்டு, மெஷினில் வைத்த எண் அந்தக் குழாயின் மூடும் எல்லையைத் தாண்டுவதற்கானது.

எடை இறங்கினால் எது மாறும், எது மாறாது

கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை. நாக்குக்குள் சேரும், தொண்டையின் பக்கச் சுவர்களுக்குள் சேரும், அங்கிருந்து வழியை நெருக்கும். வயிற்றுக் கொழுப்புக்கும் ஒரு பங்கு உண்டு. படுத்ததும் அது உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரலின் கொள்ளளவு குறையும். நுரையீரல் நன்றாக விரிந்திருக்கும்போது மூச்சுக்குழாய் கீழ்நோக்கி இழுபட்டு, தொண்டையும் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். வயிறு தள்ளும்போது அந்த இழுப்பு போய்விடும். எடை குறைந்தால் இந்த மூன்றும் சீராகும், மூடும் எல்லை கீழே இறங்கும்.

மாறாதவையும் இருக்கின்றன. உள்வாங்கிய கீழ்த்தாடை, பெரிய டான்சில், வளைந்த மூக்குத் தண்டு, வயது. 70 கிலோவிலேயே மூச்சு நின்றவருக்கு எடை முக்கியக் காரணமாக இருந்திருக்காது. அவர் 62-க்கு இறங்கினாலும் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏஎச்ஐ ஏறத்தாழ 26 சதவீதம் குறையும் என்றது அது. 10 சதவீதம் கூடினால் 32 சதவீதம் ஏறும் என்றும் சொன்னது. நல்ல செய்திதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40-ல் இருந்தவர் 30-க்கு வருகிறார். இன்னும் கடுமையான நிலையின் வாசலிலேயே நிற்கிறார். ஊசி மருந்துகளும் இதே வழியில்தான் பெரும்பாலும் உதவுகின்றன. உடல் பருமனோடு நடுத்தரம் அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற எடை குறைக்கும் ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 டிசம்பரில் அனுமதித்தது.

ஏஎச்ஐ குறைவது ஒரு பக்கம். அழுத்தம் எவ்வளவு குறையும்? தோராயமாக மதிப்பிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. பிஎம்ஐயை (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 0.16-ஆல் பெருக்கி, கழுத்துச் சுற்றளவை (செ.மீ.) 0.13-ஆல் பெருக்கி, ஏஎச்ஐயை 0.04-ஆல் பெருக்கி, மூன்றையும் கூட்டி, 5.12-ஐக் கழிக்க வேண்டும். 170 செ.மீ. உயரம், 105 கிலோ, கழுத்து 44 செ.மீ., ஏஎச்ஐ 48 என்றால் விடை 8.3. அவரே 88 கிலோவுக்கு வந்து, கழுத்து 41, ஏஎச்ஐ 25 என்று ஆனால் விடை 6.1. 17 கிலோவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 அலகு. இது வெறும் மதிப்பீடு, இதை வைத்து யாரும் மெஷினைத் திருகக் கூடாது. ஆனால் ‘16 சதவீதம் எடை குறைந்ததால் மூச்சுத் தடையே போய்விட்டது’ என்ற நினைப்புக்கு இது நல்ல மருந்து.

அழுத்தம் கூடுதலாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

தேவை குறைந்த பிறகும் பழைய எண்ணிலேயே மெஷின் ஊதிக்கொண்டிருந்தால் முதலில் வயிறு சொல்லும். கூடுதல் காற்று உணவுக்குழாய்க்குள் இறங்கும். காலையில் வயிறு உப்புசம், தொடர் ஏப்பம், வாயு. ‘ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை’ என்று பலர் சோம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்தது மாஸ்க். ஓரத்தில் காற்று பீறிடும், விசில் சத்தம் வரும், கண்ணில் அடிக்கும். வாய் திறந்து தொண்டை வறளும். மூச்சை வெளியே விடச் சிரமப்பட்டு நடுராத்திரியில் விழிப்பு வரும்.

வெளியே தெரியாத அடையாளமும் ஒன்று உண்டு. சிலருக்கு அழுத்தம் அதிகமாகும்போது, வழி திறந்திருந்தும், மூளையே மூச்சு இழுக்கச் சொல்லாமல் சில விநாடிகள் விட்டுவிடும். இதை ‘சென்ட்ரல் ஆப்னியா’ என்பார்கள். மெஷின் அறிக்கையில் இது தனியாக வரும். ஏஎச்ஐயில் பெரும்பகுதி இந்த வகையாக இருந்தால் அழுத்தத்தை ஏற்றுவது தீர்வாகாது, சிக்கலைக் கூட்டிவிடும்.

குறைவாக இருந்தால் அடையாளங்கள் வேறு: குறட்டை திரும்பும், காலையில் தலை கனக்கும், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழ வேண்டிவரும், பகலில் கண் சொக்கும்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை

மெஷினுக்குள் எஸ்டி கார்டோ, போனில் ஆப்போ இருக்கும். டாக்டரிடம் போகும்போது காட்ட வேண்டியது ஒரு நாள் கணக்கு அல்ல, குறைந்தது 14 இரவுகளின் தொகுப்பு. சளி பிடித்த இரவு, மது குடித்த இரவு, பஸ்ஸில் கழிந்த இரவு இவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஒருவருக்கு இத்தனை நாளாக அழுத்தம் 11-ல் நிலையாக இருந்தது. எடை குறைந்த பிறகு, தேவைக்கேற்ப மெஷினே அழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஆட்டோவில் இரண்டு வாரம் விட்டதும் வந்த அறிக்கை இது என்று வைத்துக்கொள்வோம்: நடுமதிப்பு 6.2, 95 சதவீத அழுத்தம் 7.8, உச்சம் 9.1, கசிவு நிமிடத்துக்கு 10 லிட்டர், ஏஎச்ஐ 1.4.

நடுமதிப்பு என்றால் இரவில் பாதி நேரம் மெஷின் 6.2-லோ அதற்குக் கீழோ ஓடியது. 95 சதவீத அழுத்தம் என்றால் இரவின் 95 சதவீத நேரத்துக்கு 7.8 போதுமாக இருந்தது. முடிவெடுக்க உதவுவது இந்த இரண்டாவது எண்தான். மல்லாந்து படுக்கும்போதும், விடியற்காலைக் கனவுத் தூக்கத்திலும் தொண்டை மிக அதிகமாகத் தளரும், அப்போது தேவையும் ஏறும். நடுமதிப்பைப் பார்த்து 6-ல் வைத்தால் இரவு 11 மணிக்குச் சரியாக இருக்கும், 4 மணிக்கு மூச்சு நிற்கும்.

கசிவு எண்ணை முதலில் பாருங்கள், அதன் பிறகுதான் மற்றவை. ரெஸ்மெட் நிறுவனத்தின் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் கசிவு அதிகம் என்று பொருள். கசிவு அதிகமான இரவில் மெஷின் மூச்சைச் சரியாக அளக்க முடியாது. அன்றைய ஏஎச்ஐயும் அழுத்தமும் நம்பத் தகுந்தவை அல்ல.

சுருக்கமாக, கசிவு கட்டுக்குள் இருக்க வேண்டும், 95 சதவீத அழுத்தம் பழைய எண்ணைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும், ஏஎச்ஐ 5-க்குக் கீழ் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் குறைக்கப் பேசலாம்.

‘ஆட்டோதானே, அதுவே பாத்துக்கும்’

பாதி உண்மை. ஆட்டோ மெஷின் கொடுத்த எல்லைகளுக்குள்தான் ஏறி இறங்கும். கீழ் எல்லை 10 என்று மூன்று வருடம் முன்பு வைத்திருந்தால், 20 கிலோ குறைந்த பிறகும் அது 10-க்குக் கீழே வராது. அறிக்கையில் நடுமதிப்பும் கீழ் எல்லையும் ஒன்றாகவே இருந்தால், மெஷின் இன்னும் கீழே போகப் பார்க்கிறது, கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நேர்மாறான தவறு, பெட்டியிலிருந்து வந்தபடி 4–20 என்று திறந்து விடுவது. 4-ல் தொடங்கும் மெஷின், வழி குறுகுவதைக் கண்ட பிறகே ஏறும். அதற்குள் தூக்கம் கலைந்திருக்கும். 4-ல் காற்றோட்டம் குறைவு, மாஸ்க்குக்குள் விட்ட மூச்சுக் காற்று முழுதாக வெளியேறாமல் பலருக்கு மூச்சு முட்டும். மேல் எல்லை 20 என்றால், கசிவைத் தவறாகப் புரிந்துகொண்டு மெஷின் ஏறிக்கொண்டே போக இடம் கிடைக்கிறது. மேலே சொன்ன அறிக்கைக்கு 6–10 என்ற இடைவெளியோ, நிலையான 8-ஓ பொருத்தமாக இருக்கும்.

குறைக்கும் முறை

அழுத்தம் மருந்தளவு மாதிரி. எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தெரிந்தே மாற்ற வேண்டும். ஈரப்பதம், தொடக்கத்தில் அழுத்தம் மெதுவாக ஏறும் ‘ஆரம்ப ஏற்றம்’ போன்றவை உங்கள் மெனுவிலேயே இருக்கும். அழுத்தம் மட்டும் டாக்டருக்கான தனி மெனுவில் இருப்பது அதனால்தான். இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், உடல் பருமனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் நிலை உள்ளவர்களும், மூச்சை இழுக்க ஒன்று, விட ஒன்று என இரண்டு அழுத்தம் தரும் பைபாப் வைத்திருப்பவர்களும் தாங்களாக ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. அவர்களுக்குத் தொண்டையைத் தாண்டிய சிக்கல் இருக்கிறது.

மற்றவர்களுக்கு, எடையில் 10 சதவீதம் குறைந்து, சில வாரம் அதே நிலையில் நின்றதும் தொடங்கலாம். மெஷினில் ஆட்டோ வசதி இருந்தால், பழைய நிலையான எண்ணை மேல் எல்லையாகவும் 5 அல்லது 6-ஐக் கீழ் எல்லையாகவும் வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பது எளிய வழி. எடை குறைந்தவருக்குப் பழையதைவிட அதிகம் தேவைப்பட வாய்ப்பு குறைவு. கசிவால் மெஷின் எகிறுவதையும் இந்த மேல் எல்லை தடுக்கும். ஆட்டோ இல்லாத மெஷின் என்றால் ஒவ்வொரு அலகாக இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்று இரண்டு வாரம் நின்று பார்க்க வேண்டும். ஏஎச்ஐ 5-ஐத் தாண்டினாலோ, பக்கத்தில் படுப்பவர் குறட்டை கேட்டதாகச் சொன்னாலோ, ஒரு படி மேலே வந்துவிடுங்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று. மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைத் தளர்த்தும் வசதி பல மெஷின்களில் 1 முதல் 3 வரை உண்டு. அழுத்தம் 11 இருக்கும்போது 3 தளர்த்தினால் மூச்சு விடுகையில் 8. அழுத்தத்தை 8 ஆக்கிவிட்டு அந்த 3-ஐ அப்படியே விட்டால், மூச்சு விடுகையில் 5-தான். தொண்டை அந்த நேரத்தில் மூடிக்கொண்டால், ‘அழுத்தம் பத்தவில்லை’ என்று தோன்றும். அழுத்தம் இறங்கிய பிறகு இந்த வசதி பெரும்பாலும் 1-க்கு வந்துவிடலாம். ஒரே வாரத்தில் அழுத்தம், தளர்வு, மாஸ்க் மூன்றையும் மாற்றாதீர்கள். எதனால் எது நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

முகமும் மெலிந்திருக்கிறது

கன்னம் வற்றியதும் மாஸ்க் பொருந்தாமல் போகும். பட்டையை இழுத்து இறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. இறுக்க இறுக்க சிலிக்கான் மெத்தை மடங்கிக் கசிவு கூடும், மூக்குத் தண்டில் புண் வரும். படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது, எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, மெத்தை காற்றில் உப்பிய பிறகு கீழே வைத்து, மெதுவாக இறுக்குங்கள். அப்படியும் கசிந்தால் ஓர் அளவு சிறிய மெத்தை வேண்டும். படுக்கும் முன் முகத்தில் தேங்காயெண்ணெயோ கிரீமோ தடவும் பழக்கம் இருந்தால், எந்த மாஸ்க்கும் வழுக்கத்தான் செய்யும்.

மெஷினே வேண்டாம் என்று எப்போது சொல்லலாம்?

அதை மெஷின் இல்லாத தூக்கச் சோதனை ஒன்றுதான் சொல்லும். முதல் இரவில் மட்டும் கழற்றிவிட்டுச் சோதித்தால் நிலைமை உள்ளதைவிட நல்லதாகத் தெரியலாம். எத்தனை இரவு முன்பிருந்தே நிறுத்த வேண்டும் என்று டாக்டரைக் கேளுங்கள். லாரி, பஸ், டாக்ஸி ஓட்டுபவர்கள் அந்த நாட்களில் வண்டியைத் தொடக் கூடாது.

வீட்டில் செய்யும் சோதனை பெரும்பாலும் தூங்கிய நேரத்தால் அல்ல, கருவி ஓடிய நேரத்தால் வகுக்கும். எட்டு மணி நேரம் கருவி ஓடி, ஐந்து மணி நேரமே தூங்கியிருந்தால் எண் குறைவாகத்தான் வரும். இரவு முழுக்க ஒருக்களித்தே படுத்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே வீட்டுச் சோதனையில் 4 வந்து, பகலில் தூக்கம் சொக்கினால், ஆய்வகத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

5-க்குக் கீழே, அறிகுறியும் இல்லை என்றால் டாக்டர் நிறுத்தச் சொல்லலாம். 5 முதல் 15 வரை வந்தால் ரத்த அழுத்தம், பகல் தூக்கம், செய்யும் வேலை இவற்றைப் பொறுத்தது. ஒருக்களித்துப் படுப்பதும், தாடையை முன்னே நிறுத்தும் பல் கருவியும் சிலருக்குப் போதும். 15-க்கு மேல் என்றால் மெஷின் தொடரும், அழுத்தம் மட்டும் குறைந்திருக்கும்.

நிறுத்திய பிறகும் மெஷினை விற்றுவிடாதீர்கள். சட்டைக் காலர் பட்டன் மறுபடி இறுகினால் அது தேவைப்படும். பரணில் ஏற்றுவதற்கு முன் ஈரப்பதத் தொட்டியில் உள்ள தண்ணீரைக் கொட்டிக் காயவையுங்கள், குழாயைக் கழுவி நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள், ஃபில்டரை எடுத்துவிடுங்கள். கடைசியாக ஓடிய அழுத்தத்தை ஒரு சீட்டில் எழுதி, தேதியோடு, அன்றைய எடையோடு, மெஷின் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.